பின்வண்டி இழுப்போர் அறிய வேண்டியவை: உரிமமும் தேர்வும்

விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், தோட்டத்தின் அமைதியைக் கலைத்துக்கொண்டு எழும் முதல் ஓசை டிராக்டரின் ஓசையாகவே பெரும்பாலும் இருக்கும். மரம் சீவி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் எடுத்து வந்து நிறுத்துப் பார்த்த பின்னர், அப்பாலை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதே டிராக்டர்தான். உரமூட்டை, விறகு, கன்று, கட்டிப்பால் ஆகிய அனைத்தும் அதன் பின்னே பூட்டப்பட்ட வண்டியிலேயே பயணம் செய்கின்றன. அவ்வண்டியை ஏட்டில் பின்வண்டி என்று எழுதுகிறோம். பேச்சில் டிரெய்லர் என்கிறோம். பெயர் எதுவாயினும், அதனை இழுத்துச் செல்வது தனியொரு கலை, தனியொரு பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்பவர் எத்தகைய உரிமம் வைத்திருத்தல் வேண்டும், எத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டும், எவற்றைப் பழகியிருத்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

எடையே முதற் பாடம்

பின்வண்டியைப் பற்றிய சட்டங்கள் எந்நாட்டில் எழுதப்பட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. அஃது எடையாகும். தனியே ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு அதன் பிரேக் போதுமானது. அதன் பின்னே அதே அளவு எடையுள்ள மற்றொரு வண்டியைப் பூட்டினால், முன்வண்டியின் பிரேக் இரு வண்டிகளின் வேகத்தையும் தாங்கி நிறுத்த வேண்டியதாகிறது. பின்வண்டிக்கெனத் தனிப் பிரேக் இல்லையேல், அது முன்வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும். சாலை வளைந்திருக்கும் இடத்தில் அவ்வாறு தள்ளும்போது இரு வண்டிகளும் கத்தரிக்கோல் மடிவதைப்போல் மடிந்து கவிழ்தல் கூடும்.

வேகத்தின் கணக்கையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும். வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்துவதற்கு அழிக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கு அன்று, நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாக நிற்கும் டிராக்டர், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏன் பள்ளத்தில் இறங்குகிறது என்பதற்கு இதுவே விடை.

1,000 லிட்டர் மரப்பால் ஏறக்குறைய 1,000 கிலோ எடை கொண்டது. ஆகவே 2,000 லிட்டர் பால் நிறைந்த தொட்டியை இழுப்பவர், தொட்டியின் இரும்பையும் சக்கரங்களையும் சேர்க்காமலே 2 டன் எடையைத் தம் முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்பதை ஒரு கணமும் மறத்தலாகாது.

பிற நாடுகள் வகுத்த படிகள்

எடைக்கு ஏற்ப உரிமத்தைப் படிப்படியாக வகுக்கும் முறைக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகின்றன. அங்குச் சாதாரணக் காரோட்டி 'பி' எனும் உரிமத்தை வைத்திருக்கிறார். அவர் 750 கிலோ வரையுள்ள சிறு பின்வண்டியை இழுக்கலாம். அதனினும் கனமான பின்வண்டியாயின், காரும் பின்வண்டியும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டலாகாது. கூட்டு எடை 3,500 கிலோவைத் தாண்டி 4,250 கிலோ வரை செல்லுமாயின், அவர் தனிப்பயிற்சியோ தனித்தேர்வோ முடித்து, உரிமத்தில் 96 எனும் குறியீட்டைப் பெறுதல் வேண்டும். அதற்கும் மேலாயின், 'பி.இ.' எனும் வேறு உரிமத்திற்கான தேர்வில் தேற வேண்டும். அவ்வுரிமம் 3,500 கிலோ வரையுள்ள பின்வண்டியை இழுக்க இடமளிக்கிறது. இப்படிகள் 2013ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தவையாகும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். காரின் எடை 2,000 கிலோ, பின்வண்டியின் எடை 1,400 கிலோ எனக் கொள்வோம். கூட்டினால் 3,400 கிலோ. சாதாரண உரிமம் போதும். பின்வண்டி 1,800 கிலோவாயின் கூட்டு எடை 3,800 கிலோ. 96 எனும் குறியீடு வேண்டும். கார் 2,400 கிலோவும் பின்வண்டி 2,200 கிலோவும் ஆயின் கூட்டு எடை 4,600 கிலோ. அதற்குத் தனித்தேர்வு தேவை.

இக்கணக்கில் நுட்பம் ஒன்று உண்டு. இங்கு எடை என்பது அன்றைய தினம் ஏற்றியுள்ள பாரத்தின் எடையன்று. அவ்வண்டி முழுப் பாரத்துடன் எவ்வளவு எடை வரை செல்லலாம் என்று அதனைச் செய்தோர் தகட்டில் பொறித்துள்ள எடையே கணக்கில் கொள்ளப்படுகிறது. "வண்டி வெறுமையாகத்தானே போகிறது" என்னும் சமாதானம் அங்குச் செல்லாது. இன்று வெறுமையாகச் செல்லும் வண்டி நாளை நிறைந்து செல்லும் என்பதைச் சட்டம் அறியும்.

பிரிட்டனின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. அங்கு 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன் கார்த் தேர்வில் தேறியவர்கள், 8,250 கிலோ வரையுள்ள வண்டியும் பின்வண்டியும் கூடிய இணையை வேறு தேர்வின்றி ஓட்ட உரிமை பெற்றிருந்தனர். அந்நாள் முதல் தேறியவர்களுக்கு அவ்வுரிமை சுருக்கப்பட்டது. கனமான பின்வண்டியை இழுக்க விரும்பியோர் தனித்தேர்வு எழுத வேண்டியதாயிற்று. அத்தேர்வில் கண்பார்வைச் சோதனை, வண்டியின் பாதுகாப்புப் பற்றிய வினாக்கள், பின்வண்டியுடன் பின்னோக்கிச் செல்லுதல், சாலையில் ஓட்டுதல், பின்வண்டியைக் கழற்றி மீண்டும் பூட்டுதல் ஆகியவை இடம்பெற்றன.

2021ஆம் ஆண்டில் அந்நாட்டில் லாரி ஓட்டுநர்களுக்குப் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டது. தேர்வாளர்களின் நேரத்தை லாரித் தேர்வுகளுக்கு ஒதுக்கும் பொருட்டு, அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் காருக்கான பின்வண்டித் தேர்வு நீக்கப்பட்டது. அன்று முதல் கார் உரிமம் உள்ளவர் 3,500 கிலோ வரையுள்ள பின்வண்டியை இழுக்கலாம். எனினும் அந்நாட்டு அரசாங்கம் ஓட்டுநர்களைத் தாமே முன்வந்து பயிற்சி பெறுமாறு வற்புறுத்தியது. ஏன்? தேர்வு நீங்கிற்றேயன்றி எடை நீங்கவில்லை. சட்டம் கேளாமற் போனாலும் சாலை கேட்கும், வளைவு கேட்கும், இறக்கம் கேட்கும்.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் வாகனமோட்டும் உரிமங்களை 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நெறிப்படுத்துகிறது. ஒருவர் எவ்வகை வாகனத்தைச் சாலையில் ஓட்டுகிறாரோ, அவ்வகைக்குரிய உரிமத்தையே வைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. உரிமம் உண்டா என்பது மட்டும் கேள்வியன்று. எந்த வகுப்பு உரிமம் என்பதே கேள்வி.

மோட்டார் சைக்கிளுக்குப் 'பி2' உரிமம் வைத்திருப்பவர் காரை ஓட்டலாகாது. காருக்கான 'டி' உரிமம், பாரமின்றி 3,500 கிலோவைத் தாண்டாத மோட்டார் கார்களுக்கு உரியது. டிராக்டரோ வேறு வகுப்பு. சக்கரங்களில் ஓடுவதும் பாரமின்றி 5,000 கிலோவைத் தாண்டாததுமான டிராக்டருக்கும் இலகு இயந்திரத்திற்கும் 'எஃப்' வகுப்பு உரிமம் வேண்டும். 5,000 கிலோவைத் தாண்டினால் 'எச்' வகுப்பு. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் இயந்திரங்களுக்கு 'ஜி', 'ஐ' எனும் வகுப்புகள் உள்ளன. ஆகவே, "என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது, டிராக்டர் ஓட்டினால் என்ன?" என்று வினவுவோர், தம் உரிம அட்டையைத் திருப்பி அதில் எவ்வெழுத்துகள் உள்ளன என்று இன்றே பார்த்துக்கொள்வது நலம்.

மற்றொரு விதியும் குறிப்பிடத்தக்கது. உரிமமில்லாதவர் ஓட்டுவது மட்டும் குற்றமன்று. உரிமமில்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்டச் செய்வதும், ஓட்ட அனுமதிப்பதும் குற்றமாகும். எனவே இப்பொறுப்பு டிராக்டர் ஓட்டுபவருடையது மட்டுமன்று. அவரை ஓட்டச் சொல்பவருடையதும் ஆகும்.

தோட்டச் சாலையும் அரசாங்கச் சாலையும்

இங்கு நம் பாட்டாளிகளிடையே நீண்ட காலமாக நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். தோட்டத்திற்குள் தனியார் பராமரிக்கும் செம்மண் சாலையைச் சட்டம் பொதுச் சாலையாகக் கருதுவதில்லை. அதனால் தோட்டத்திற்குள் ஓட்டுவதற்கு உரிமம் எதற்கு என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இருபது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியும் அதற்குரிய உரிமம் எடுக்காதவர்கள் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கைதேர்ந்த ஓட்டுநர். எந்த மேட்டில் எந்த கியர் போட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருநாள் ஆலைக்குச் செல்லும் பாதையில் பாலம் பழுதாகிறது. அரசாங்கச் சாலையில் அரைக் கிலோமீட்டர் சுற்றி வருமாறு மண்டோர் கூறுகிறார். அந்த அரைக் கிலோமீட்டரில் அவர் உரிமமில்லாத ஓட்டுநர். அங்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் டிரெய்லரின் பின்னே மோதினால், முதலில் கேட்கப்படுவது அவருடைய இருபது ஆண்டு அனுபவம் அன்று, உரிம அட்டையே. வாகனக் காப்புறுதியும் உரிமமுள்ளவர் ஓட்ட வேண்டும் என்னும் நிபந்தனையைப் பொதுவாகக் கொண்டிருக்கும். அக்காப்புறுதி கைவிடுமாயின், சுமை யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நிலையையும் சிந்திப்போம். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன; பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. தோட்டம் கைமாறும் நாளில் அவ்வோட்டுநர் வேறிடத்தில் வேலை கேட்கச் செல்கிறார். "டிராக்டர் ஓட்டத் தெரியும்" என்கிறார். "லைசென்ஸ் உண்டா?" என்கிறார்கள். கையில் இருக்கும் தொழில், காகிதத்தில் இல்லாத காரணத்தால், தொழிலாக மதிக்கப்படாமற் போகிறது. உரிமம் என்பது போலீசாருக்குக் காட்டுவதற்கான அட்டை மட்டுமன்று. அது நம் உழைப்பிற்குக் கிடைக்கும் சான்றிதழ். லயத்து வீட்டை விட்டு வெளியேறும் நாளிலும் நம்முடன் வரக்கூடிய சொத்து அது.

தேர்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை

நம்மவர் பலர் உரிமம் எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் எழுத்துத் தேர்வைப் பற்றிய அச்சமாகும். "பள்ளிக்கூடம் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று, இனி நமக்கு வருமா?" என்கின்றனர். இவ்வச்சம் தேவையற்றது.

முதன்முறையாக உரிமம் எடுப்பவர், அங்கீகாரம் பெற்ற வாகனமோட்டும் பயிற்சிக் கழகத்தில் பெயரைப் பதிந்து, தொடக்க வகுப்பில் அமர வேண்டும். அதன் பின்னர் சாலை விதிகள், சாலைக் குறியீடுகள் பற்றிய கணினித் தேர்வு நடைபெறும். அதில் 50 வினாக்கள் உள்ளன. 42 வினாக்களுக்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுத வேண்டியதில்லை. இத்தேர்வைத் தமிழ்மொழியிலும் எழுதலாம் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பதியும்போதே தமிழ் வேண்டும் என்று கேட்டல் நலம்.

கணினித் தேர்வில் தேறிய பின் 'எல்' உரிமம் பெற்று ஓட்டிப் பழகலாம். பயிற்சி முடிந்ததும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அதிகாரி முன்னிலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு நடைபெறும். தேறியவர் 2 ஆண்டுகள் 'பி' எனும் சோதனைக்கால உரிமத்துடன் ஓட்டிய பின்னரே முழு உரிமம் பெறுகிறார். 17 வயது நிரம்பாதவர் மோட்டார் சைக்கிளைத் தவிர்த்த பிற மோட்டார் வாகனங்களைச் சாலையில் ஓட்டுதல் ஆகாது. முன்னரே கார் உரிமம் உள்ளவர் டிராக்டர் வகுப்பைச் சேர்த்துக்கொள்வதற்கான வழியை அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகாவிலோ பயிற்சிக் கழகத்திலோ கேட்டறியலாம்.

தேர்வுக்கு முன் பழக வேண்டிய ஐந்து

முதலாவது, பூட்டுதல். டிரெய்லரின் ஏர்க்காலை டிராக்டரின் கீழ்ப்புற இழுவைக் கம்பியில்தான் பூட்ட வேண்டும். பின்சக்கர அச்சுக்கு மேலான எவ்விடத்திலும் பூட்டலாகாது. மேலே பூட்டினால், பாரம் இழுக்கும் வேளையில் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, வண்டி ஓட்டுநர் மீதே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். இணைக்கும் இரும்பு முளை தேயாததாகவும், அது கழன்று எழாமல் தடுக்கும் கிளிப்புடனும் இருத்தல் வேண்டும். ஆணியையும் கம்பியையும் வைத்து முறுக்கிக் கட்டுவது பூட்டுதல் ஆகாது. முளை முறிந்தாலும் வண்டி பிரிந்து ஓடாமலிருக்கப் பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

இரண்டாவது, பாரம் ஏற்றுதல். பாரத்தை டிரெய்லரின் பின்முனையில் குவித்தால் ஏர்க்கால் மேலெழும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். காரில் இழுக்கும் சிறு பின்வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். பின்கனம் மிகுந்தால் அது வாலாட்டுவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அவ்வாறு ஆடும்போது பிரேக்கை வலிந்து மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நேராக்க முயல்வதும் தவறு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய்க் கட்டையிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் தானே குறையுமாறு விடுதல் வேண்டும். பால் தொட்டியில் வேறொரு ஆபத்தும் உண்டு. பாதி நிறைந்த தொட்டியில் பால் அலைமோதும். பிரேக் பிடித்தால் முன்னே பாயும். வளைவில் ஒருபுறமாகச் சாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத தொட்டியாயின், முழுத் தொட்டியை விடப் பாதித் தொட்டியை இன்னும் நிதானமாக ஓட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, திரும்புதல். டிரெய்லரின் சக்கரங்கள் டிராக்டர் சென்ற தடத்திலேயே வருவதில்லை. வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டி வரும். சாலையோரத்தில் நிற்கும் குழந்தையை டிராக்டர் தாண்டிவிட்டது என்று நாம் எண்ணும் வேளையில் டிரெய்லர் அவ்விடத்திற்கு வந்துகொண்டிருக்கும். ஆகவே அகன்று திரும்புதல் வேண்டும்.

நான்காவது, பின்னோக்கிச் செல்லுதல். தேர்வுகளில் பலரைத் தடுமாறச் செய்வது இதுவே. முன்வண்டியின் பின்புறம் இடப்புறம் சென்றால், பின்வண்டியின் வால் வலப்புறம் செல்லும். இதனை நினைவிற் கொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் வால் எப்பக்கம் போக வேண்டுமோ, அப்பக்கமாகக் கையை நகர்த்துங்கள். சிறிது சிறிதாக நகர்த்தி, மிக மெதுவாகச் செல்லுங்கள். கோணம் மிகுந்துவிட்டால் முன்னே சென்று நேராக்கி மீண்டும் தொடங்குவது இழுக்கன்று. பின்னே ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்வது நன்று. ஆனால் அவர் உங்கள் கண்ணிலிருந்து மறைந்த அக்கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஐந்தாவது, இறக்கம். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்னரே குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். எண்ணெயை மிச்சப்படுத்த எண்ணி கியரைக் கழற்றிவிட்டு உருட்டுவது உயிரை மிச்சம் வைக்காது. டிராக்டரின் இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் தனித்தனிப் பிரேக் கட்டைகள் உண்டு. வேலைக்காட்டில் குறுகித் திரும்ப அவை உதவும். ஆனால் சாலையில் செல்லும்போதும் டிரெய்லர் பூட்டியிருக்கும்போதும் அவ்விரண்டையும் இணைத்துப் பூட்டியிருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்துவிட்டால் வண்டி அப்பக்கமாகச் சுழன்றுவிடும்.

மனிதர் பாரம் ஆகார்

டிரெய்லர் பாரம் ஏற்றுவதற்கென அமைந்த வண்டி. அதில் இருக்கை இல்லை, பிடிமானம் இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பும் இல்லை. மழையில் நனைந்த செம்மண் மேட்டில் அது சறுக்கிக் கவிழுமாயின், உரமூட்டை உருண்டு விழும். அதை மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். மனிதர் விழுந்தால் என் செய்வது? ஏர்க்காலின் மீது நின்றுகொண்டும், டிராக்டரின் சக்கரக் காப்பின் மீது அமர்ந்துகொண்டும் செல்லும் வழக்கம் இதனினும் கொடியது. கால் தவறினால் விழுமிடம் சக்கரத்தின் அடியே.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பையும் அவர்களுக்கு வேண்டிய பயிற்சியையும் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணமுள்ள தொழிலாளி, முதலாளி அதனை அகற்றாவிடின், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் வழங்கியுள்ளது. பிரேக் இல்லாத டிராக்டரைக் குறித்தும் முளை தேய்ந்த டிரெய்லரைக் குறித்தும் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ கூறுவது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அது சட்டம் விரும்பும் செயல். வேலையில் காயமுற்றோர் சிறு காயம் என்று மறைத்துவிடாமல் உடனே நிர்வாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். சொக்சோ உதவித்தொகை பெறுவதற்கு அதுவே முதற்படி.

நம்மை நாமே வினவுவோம்

பாடத்தின் முடிவில் சில வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். நாம் ஓட்டும் வண்டிக்குரிய எழுத்து நம் உரிம அட்டையில் உள்ளதா? அதன் காலம் கடந்துவிட்டதா? இன்று இழுக்கும் பாரத்தின் எடையை நாம் அறிவோமா? இரும்பு முளையையும் கிளிப்பையும் சங்கிலியையும் இன்று காலையில் நம் கண்ணால் பார்த்தோமா? பிரேக் கட்டைகள் இணைக்கப்பட்டுள்ளனவா? டிரெய்லரில் மனிதர் எவரேனும் ஏறியுள்ளனரா?

இவ்வினாக்களுக்கு விடை காண ஐந்து நிமிடங்கள் போதும். பிரட்டுக் கலைந்து டிராக்டரை இயக்கும் முன் அந்த ஐந்து நிமிடங்களை ஒதுக்குவோம். உரிமம் இல்லாதோர் இம்மாதமே பயிற்சிக் கழகத்தின் படியேறுவோம். உரிமம் உள்ளோர் அண்டை வீட்டு இளைஞர் ஒருவரைக் கையோடு அழைத்துச் சென்று பதியச் செய்வோம். பால் ஆலைக்குச் சேர்வது போலவே ஓட்டுநரும் வீடு சேர்தல் வேண்டும். அதற்கே உரிமம், அதற்கே தேர்வு.